காவல் யாருக்குக் கடமைப்பட்டது? கெடாவில் ஊதியப் படைகளும் தோட்டக் காவலும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஊதியத்திற்குப் படைத்தொழில் புரியும் தனியார் நிறுவனங்கள் 1990களிலிருந்து உலக அரங்கில் பெரிதும் பேசப்பட்டு வருகின்றன. 1993இல் அங்கோலாவிலும் 1995இல் சியாரா லியோனிலும் களமிறங்கிய தென்னாப்பிரிக்க நிறுவனமாகிய எக்சிகியூட்டிவ் அவுட்கம்ஸ், 2007 செப்டம்பர் 16ஆம் நாள் பாக்தாத்தின் நிசூர் சதுக்கத்தில் குடிமக்கள் 17 பேரின் உயிரைப் பறித்த பிளாக்வாட்டர் காவலர்கள், 2023 ஜூனில் தன்னை வளர்த்துவிட்ட ரஷ்ய அரசையே எதிர்த்து ஆயுதம் தாங்கிக் கிளம்பிய வாக்னர் குழு ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகின்றன. இவற்றைக் குறித்து எழுதுவோருள் பலர் இதனை உலகமயமாதல் ஈன்ற புதுமையாகவே கருதுகின்றனர்.

இக்கருத்து முழுமையுடையதன்று என்பதே நம் எண்ணம். அரசின் படைக்கும் தனியார் காவலுக்கும் இடையிலான கோடு எக்காலத்திலும் தெளிவாக இருந்ததில்லை. இதனை அறிய ஆப்பிரிக்காவுக்கோ ஈராக்குக்கோ செல்ல வேண்டியதில்லை. சுங்கைப் பட்டாணியையும் அதனைச் சூழ்ந்த தோட்டப்புறங்களையும் கொண்ட கெடா மாநிலத்தின் வரலாறே போதுமான சான்று தரும். காவலை விலை கொடுத்து வாங்க முனைந்த ஒரு சுல்தான், தொழிலாளர் தாமே அமைத்துக்கொண்ட தொண்டர் படை, அவசரகாலத்தில் தோட்டங்களைக் காத்த சிறப்புக் காவலர், சுங்கைப் பட்டாணியில் பயிற்சி பெற்ற கூர்க்கா வீரர் எனப் பல கட்டங்கள் இம்மண்ணில் அமைந்துள்ளன.

இக்கட்டங்களை மூன்று வினாக்களின்வழி நோக்க இக்கட்டுரை முற்படுகின்றது. காவலனுக்குக் கூலி கொடுப்பவர் யார்? அவனுக்குக் கட்டளையிடுபவர் யார்? அவன் தவறிழைத்தால் யாரிடம் பதில் சொல்ல வேண்டும்? இம்மூன்றுக்கும் விடை ஒன்றாக இருக்கும்போது காவல் ஓரளவு ஒழுங்குக்குள் நிற்கின்றது. விடைகள் வேறுபடும்போது துன்பம் நேர்கின்றது. அத்துன்பம் பெரும்பாலும் குரலற்றோர் தலையிலேயே விழுந்துள்ளது என்பதைக் கெடாவின் வரலாறு காட்டுகின்றது.

1. வணிகரும் வாளும்

பழங்கடாரம் என வழங்கப்பட்ட இப்பகுதியோடு தமிழர் கொண்ட தொடர்பைப் பேசும்போது 1025ஆம் ஆண்டு வாக்கில் நிகழ்ந்த முதலாம் இராசேந்திரனின் கடற்படையெடுப்பே முதலில் நினைவுக்கு வருகின்றது. ஆயினும் அரசப் படைக்கு முன்னும் பின்னும் இக்கடற்கரைகளில் ஆயுதம் தாங்கி நின்றோர் வணிகக் குழுக்களைச் சார்ந்தோரே என்பது ஈண்டுக் கருதத்தக்கது. கெடாவுக்கு வடக்கே, இன்றைய தாய்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளம் மணிக்கிராமத்தாரின் காவலிலும் சேனாமுகத்தாரின் காவலிலும் விடப்பட்டதைத் தெரிவிக்கின்றது. மணிக்கிராமத்தார் வணிகர், சேனாமுகம் என்பது படையிருப்பைக் குறிக்கும். ஐந்நூற்றுவர் முதலான வணிகக் கணங்களோடு எறிவீரர் என்னும் படைவீரர் இணைந்திருந்தமையையும், அவர்கள் காத்த வணிக நகரங்கள் எறிவீரப்பட்டினம் எனப் பெயர் பெற்றமையையும் தமிழகத்து, ஈழத்துக் கல்வெட்டுகள் காட்டுகின்றன.

இவ்வகைப் படை விசுவாசத்திற்கும் ஓர் எல்லை இருந்தது. இலங்கையில் முதலாம் விசயபாகுவிடம் ஊதியம் பெற்ற வேளைக்காரப் படையினர், சோழரை எதிர்த்துப் போரிடப் பணிக்கப்பட்டபோது கலகம் செய்தனர் எனச் சூளவம்சம் கூறுகின்றது. அதே வேளைக்காரர் பின்னர்ப் பொலன்னறுவையில் புத்தரின் பற்சின்னக் கோயிலைக் காப்பதாக உறுதியேற்றுத் தமிழில் கல்வெட்டும் பொறித்தனர். கூலி, இனப்பற்று, வாக்குறுதி ஆகிய மூன்றும் ஊதியப் படைவீரனை வெவ்வேறு திசைகளில் இழுப்பதை இவ்விரு செய்திகளும் உணர்த்துகின்றன.

2. கம்பெனியும் கெடா சுல்தானும்

தனியார் படை நிறுவனம் என்பதற்கு உலக வரலாற்றில் மிகப் பெரிய எடுத்துக்காட்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியே எனலாம். பங்குதாரர்களுக்கு இலாபம் ஈட்டித் தருவதற்கென்று அமைந்த அந்நிறுவனம், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2 இலட்சம் வீரர்களைக் கொண்ட படையைத் தன் செலவில் வைத்திருந்தது. அப்படையின் பாதுகாப்பை வாங்க முனைந்தவர்களுள் கெடா சுல்தான் அப்துல்லா முகாரம் ஷாவும் ஒருவர்.

வடக்கே சயாமின் அச்சுறுத்தலும் அதற்கப்பால் பர்மாவின் அச்சுறுத்தலும் கெடாவைச் சூழ்ந்திருந்த காலம் அது. பினாங்குத் தீவைக் கம்பெனிக்கு அளிக்க முன்வந்த சுல்தான் தம் நிபந்தனைகளை எழுத்தில் வைத்தார். நிலவழியே பகைவர் தாக்கினால் கம்பெனி ஆட்களையும் ஆயுதங்களையும் வெடிமருந்தையும் தந்து உதவ வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதற்கான செலவைத் தாமே ஏற்பதாகவும் அவர் குறிப்பிட்டிருந்தார். இன்றைய மொழியில் கூறின், இது ஒரு பாதுகாப்புச் சேவை ஒப்பந்தத்திற்கான முன்மொழிவு. சயாமோடு பகை தேடிக்கொள்ளக் கம்பெனி விரும்பவில்லை. எனவே அந்நிபந்தனையை அது ஏற்றதுமில்லை, வெளிப்படையாக மறுத்ததுமில்லை. விடை நிலுவையில் இருக்கும்போதே பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்ட் 11ஆம் நாள் பினாங்கில் கொடியேற்றினார்.

தாம் ஏமாற்றப்பட்டதை உணர்ந்த சுல்தான் தீவை மீட்கும் நோக்குடன் பிறையில் படகுகளையும் படையையும் திரட்டினார். 1791 ஏப்ரலில் லைட்டின் படையினர் முந்திக்கொண்டு தாக்கி அதனைச் சிதறடித்தனர். அதே ஆண்டு மே மாதத்தில் கையெழுத்தான உடன்படிக்கை, சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி வழங்க வகை செய்தது. 1800இல் பிறைக் கரையோரப் பகுதியும் கம்பெனியின் கைக்கு மாறியபோது அத்தொகை 10,000 வெள்ளியாக உயர்ந்தது. காவலைத் தருமாறு கேட்டவருக்குக் கிட்டியது ஆண்டுத் தொகை மட்டுமே.

இதன் விளைவு 1821இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் லிகோர் ஆட்சியாளரின் தலைமையில் வந்த சயாமியப் படை கெடாவைக் கைப்பற்றியது. சுல்தான் அகமது தாஜுடின் ஹலிம் ஷா பினாங்குக்குத் தப்பியோடினார். மக்களுள் பலரும் எல்லை கடந்து கம்பெனியின் நிலப்பகுதியில் தஞ்சம் புகுந்தனர். கம்பெனி அசையவில்லை. 1826இல் சயாமோடு அது செய்துகொண்ட பர்னி உடன்படிக்கையோ, கெடாவின் மீது சயாமுக்கிருந்த பிடியை ஏற்றுக்கொண்டது. 1838இல் துங்கு முகமது சாட் தலைமையில் கெடா மக்கள் எழுச்சி கொண்டு சயாமியரை விரட்டியபோது, ஆங்கிலேயக் கப்பல்கள் கெடாவின் கடல்வழியை முற்றுகையிட்டன. அதனால் பயன்பெற்றது சயாமே. அம்முற்றுகையில் இளம் கடற்படையினராக இருந்த ஷெரார்ட் ஆஸ்போர்ன் அதனைப் பின்னாளில் நூலாகவும் எழுதினார். சுல்தான் 1842இல்தான் தம் நாடு திரும்ப முடிந்தது.

இந்நிகழ்ச்சியில் நமக்குரிய பாடம் ஒன்றுண்டு. கம்பெனிப் படை திறமையற்றதாக இருந்ததால் கெடா கைவிடப்படவில்லை. அப்படை பதில் சொல்ல வேண்டிய இடம் கல்கத்தாவிலும் இலண்டனிலும் இருந்தது. அலோர் ஸ்டாரில் இருந்ததில்லை. காவலை நாடியவர் ஒருவர், காவலனின் எசமானர் வேறொருவர்.

தமிழ் ஆய்வாளராகிய நாம் பெரும்பாலும் பேசாது விடும் செய்தி ஒன்றையும் இங்குச் சுட்டல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நீரிணைக் குடியேற்றங்களில் காவலிருந்தவை மெட்ராஸ் காலாட்படைப் பிரிவுகளே. அவற்றில் தமிழரும் தெலுங்கரும் தக்காண முஸ்லிம்களும் இருந்தனர். 1831–32இல் மலாக்காவை அடுத்த நானிங்கில் தோல் செய்து என்னும் தலைவரை எதிர்த்துப் போரிட்டவர்களும் இவர்களே. மலாயாத் தமிழரின் வரலாற்றைக் காப்பி, கரும்பு, இரப்பர்த் தோட்டங்களிலிருந்து தொடங்குவது நம் வழக்கம். அதற்கு முன்பே, கம்பெனியின் கூலிக்குத் துப்பாக்கி ஏந்திய தமிழன் இம்மண்ணில் நின்றிருந்தான். பெருமைக்காக இதனைக் கூறவில்லை. காவலனாகவும் காவலுக்கு உட்பட்டவனாகவும் இருந்த இரட்டை நிலை நம்மவர்க்குத் தொடக்கம் முதலே வாய்த்திருந்தது என்பதற்காகவே கூறுகின்றோம்.

3. தோட்டத்து ஜாகா

1909ஆம் ஆண்டு ஆங்கில–சயாமிய உடன்படிக்கையின்வழி கெடா ஆங்கிலேயர் மேலாண்மைக்குள் வந்தது. தென்கெடாவின் சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. துரை, கிராணி, கங்காணி, தொழிலாளி என்னும் படிநிலையில் அமைந்த தோட்டம் ஒரு தனி ஆட்சிப்பகுதி போன்றே இயங்கியது. அதன் காவற்காரருக்கு நம் மக்கள் வழங்கிய பெயர் ‘ஜாகா’. மலாய்ச் சொல்லாகிய இது தோட்டத் தமிழில் முழுமையாகக் கலந்துவிட்டது. ஆலை, பால் கொட்டகை, பண்டகசாலை ஆகியவற்றை இரவில் காப்பதும், புதியவர் வந்துபோவதைக் கவனிப்பதும் ஜாகாவின் பணிகள்.

மலாயாவில் வங்கி, பண்டகசாலை, தோட்டம் எனப் பல இடங்களில் சீக்கியர் காவல் வேலையில் அமர்த்தப்பட்டிருந்தனர். காக்கப்படும் பொருளுக்கு அருகில் வாழும் தொழிலாளியின் இனத்தையோ மொழியையோ சாராத ஒருவரைக் காவலுக்கு நிறுத்துவது குடியேற்ற ஆட்சியில் பரவலாகக் காணப்பட்ட நடைமுறை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அதனை அடக்க இந்தியத் துருப்புகளே அனுப்பப்பட்டன. தொழிலாளியும் இந்தியன், துப்பாக்கியும் இந்தியன் கையில். ஆணை மட்டும் வேறிடத்திலிருந்து வந்தது.

4. தொழிலாளரே அமைத்த காவல்: தொண்டர் படை

சப்பானியர் ஆட்சி முடிந்தபின் கெடாத் தோட்டங்களில் தோன்றிய தொண்டர் படை, இவ்வரலாற்றில் தனித்து நிற்கும் ஓர் அமைப்பாகும். பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தை நடுவமாகக் கொண்டு ஏ.எம். சாமியின் தலைமையில் 1946 வாக்கில் இது வளர்ச்சியுற்றது. இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பையும் கட்டுப்பாட்டையும் கண்டிருந்த தலைமுறை அது. கள்ளுக்கடைகளுக்கு எதிரான மறியல், தோட்டத்தில் ஒழுங்கு, தன்மானம் ஆகியவை இப்படையின் நோக்கங்களாக இருந்தன. ஊதியமின்றி, கட்டளைக்குத் தம்முள் ஒருவரையே தலைவராகக் கொண்டு, லயத்து மக்களுக்கே பதில் சொல்லக் கடமைப்பட்ட காவல் இது. நாம் எழுப்பிய மூன்று வினாக்களுக்கும் ஒரே விடை கிடைக்கும் அரிய இடமும் இதுவேயாகும்.

ஆயின் இதனைத்தான் தோட்ட நிருவாகமும் அரசும் பொறுத்துக்கொள்ளவில்லை. 1947இன் தொடக்க மாதங்களில் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடை மறியலையொட்டிக் காவல் துறையினருக்கும் தொழிலாளருக்கும் மோதல்கள் மூண்டன. உயிரிழப்பு நேர்ந்தது, பலர் சிறைப்பட்டனர், இயக்கம் நசுக்கப்பட்டது. தொண்டர் படையினர் சில இடங்களில் குடித்தோரைக் கடுமையாகத் தண்டித்தனர் என்ற குறையையும் ஆய்வாளர் மறைக்கலாகாது. சட்டத்திற்கு வெளியே நிற்கும் காவல், நல்ல நோக்கத்தோடு தோன்றினும், தன்னைத் தானே நீதிபதியாக்கிக்கொள்ளும் இடர் உண்டு. எனினும், தனியார் தோட்டத்தின் காவலை ஏற்ற அதே அரசு, தொழிலாளரின் காவலைக் குற்றமாகக் கண்டது என்னும் முரண் நம் சிந்தனைக்குரியது.

5. அவசரகாலமும் சிறப்புக் காவலரும்

1948 ஜூன் 16ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜூன் 18ஆம் நாள் மலாயா முழுவதும் அவசரகாலம் நடப்புக்கு வந்தது. தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காப்பதற்கென்றே சிறப்புக் காவலர் படை விரைந்து திரட்டப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 30,000 பேர் சேர்க்கப்பட்டனர். பின்னர் அத்தொகை 40,000 அளவை எட்டியது. பெரும்பான்மையோர் மலாய்க்காரர், பிற இனத்தவரும் இருந்தனர். பாலஸ்தீனத்தில் ஆங்கிலேய ஆட்சி 1948 மே மாதத்தில் முடிவுற்றதால் வேலையிழந்திருந்த காவல் துறையினர் பலர், இவர்களைப் பயிற்றி நடத்த மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். ஒரு குடியேற்றப் போரில் பழகிய கைகள் மற்றொன்றுக்கு மாற்றப்பட்டன என்பது இதன் பொருள்.

சிறப்புக் காவலரின் நிலை நம் ஆய்வுக்கு மிக இன்றியமையாதது. சீருடையும் துப்பாக்கியும் அரசினுடையவை. தங்குமிடமும் அன்றாடக் காவற்பணியும் தோட்டத்திற்குள்ளே. காக்கப்பட்டதோ தனியார் முதலீடு. அரசுப் படையா தனியார் காவலா என்று பிரித்தறிய முடியாத இடைநிலை இது. முள்வேலி சூழ்ந்த பங்களாவின் வாயிலில் நின்ற அக்காவலருள் பலர் சில வாரப் பயிற்சி மட்டுமே பெற்ற கம்பத்து இளைஞர். அவர்களும் உயிரிழந்தனர், அவர்தம் குடும்பங்களும் துயருற்றன. ஆகவே அவர்களை அடக்குமுறையின் கருவிகள் என்று மட்டும் எழுதிச் செல்வது நேர்மையாகாது.

1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரச் சீனக் குடியேறிகள் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டதை அறிவோம். தோட்டங்களில் சிதறியிருந்த லயங்களும் ஓரிடத்தில் திரட்டப்பட்டு வேலியிடப்பட்டன என்பது அத்துணை அறியப்படவில்லை. உணவுக் கட்டுப்பாடு நிலவிய பகுதிகளில், விடியற்காலையில் பால்மரம் சீவச் செல்வோர் வாயிலில் சோதனையிடப்பட்டனர். கையில் சோறு எடுத்துச் செல்வதும் தடைசெய்யப்பட்டது. காட்டிலுள்ளோர் கேட்டால் கொடுக்காதிருக்க இயலாது, கொடுத்தால் சிறை. வேலி காத்தது தொழிலாளியையா, தொழிலாளியிடமிருந்து தோட்டத்தையா என்னும் வினாவுக்கு இரண்டும் என்பதே நேர்மையான விடையாகும்.

ஆயுதம் யார் கையில் இருக்கலாம் என்பதை அக்காலச் சட்டம் கூர்மையாக வரையறுத்தது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி அச்சட்டத்தின்படியே 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தோட்டத் துரையின் இடுப்பில் கைத்துப்பாக்கி. சிறப்புக் காவலரின் தோளில் நீள்துப்பாக்கி. தொழிற்சங்கத் தலைவருக்குத் தூக்குக்கயிறு. 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிவுற்றது. அக்காலத் தோட்ட வாழ்வின் அச்சத்தை அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ போன்ற புதினங்கள் பதிவு செய்துள்ளன. வரலாற்று ஆய்வுகளோ அதனைத் தொட்டுச் செல்வதோடு அமைகின்றன.

6. சுங்கைப் பட்டாணியின் கூர்க்காக்கள்

1947 நவம்பரில் பிரிட்டன், இந்தியா, நேபாளம் ஆகியவை செய்துகொண்ட முத்தரப்பு உடன்பாட்டின்படி, கூர்க்காப் படைப்பிரிவுகளுள் நான்கு 1948 சனவரி 1 முதல் பிரிட்டிஷ் இராணுவத்தைச் சார்ந்தன. அவற்றின் பயிற்சி நடுவம் 1951 ஆகஸ்டில் சுங்கைப் பட்டாணியில் நிறுவப்பட்டது. 1971இல் ஆங்காங்குக்கு மாற்றப்படும்வரை, இருபது ஆண்டுக் காலம் நேபாள மலைச்சிற்றூர்களிலிருந்து வந்த இளைஞர் இவ்வூரிலேயே வீரராயினர். மலாயாக் காடுகளிலும், 1963–66 காலக் கொன்பரந்தாசியின்போது போர்னியோவிலும் இவர்கள் போரிட்டனர்.

கூர்க்காக்கள் கூலிப்படையினரா என்பது நெடுங்கால விவாதம். 1977ஆம் ஆண்டின் ஜெனீவாக் கூடுதல் நெறிமுறை, போரிடும் நாட்டின் படையில் முறைப்படி உறுப்பினராக இருப்பவரைக் கூலிப்படையினர் எனக் கொள்வதில்லை. எனவே சட்டப்படி அவர்கள் கூலிப்படையினர் அல்லர். ஆயினும் அவர்தம் ஊதியம் இந்திய இராணுவ ஊதிய விதியோடு இணைக்கப்பட்டிருந்தது. ஓய்வூதியம் உடன் நின்ற பிரிட்டிஷ் வீரர் பெற்றதைவிட மிகக் குறைவு. பிரிட்டனில் குடியேறும் உரிமை 2004இல் வழங்கப்பட்டபோதும், 1997 ஜூலைக்குப் பின் ஓய்வுபெற்றோர்க்கே அது கிட்டியது. சுங்கைப் பட்டாணியில் பயின்ற தலைமுறையினர் பெரும்பாலும் அதற்கு முன்பே ஓய்வுபெற்றவர்கள். அவர்கள் 2009இல் நடந்த பெரும் கிளர்ச்சிக்குப் பின்னரே அவ்வுரிமையைப் பெற்றனர். காக்கப்பட்ட நாடு காவலனைக் குடிமகனாக ஏற்க அரை நூற்றாண்டுக்கும் மேலாயிற்று.

ஓய்வுபெற்ற கூர்க்கா வீரர் உலகத் தனியார் பாதுகாப்புத் துறைக்கு ஆட்களை வழங்கும் ஊற்றாக மாறினர். 1995இல் சியாரா லியோனில் கூர்க்காக்களைக் கொண்ட நிறுவனமொன்று பணியேற்று, தன் தலைவரைப் போரில் இழந்து விலகியது. அதன்பின்னரே எக்சிகியூட்டிவ் அவுட்கம்ஸ் அந்நாட்டுக்கு அழைக்கப்பட்டது. 2016 ஜூன் 20இல் காபூலில் கனடாத் தூதரகக் காவலுக்குப் பேருந்தில் சென்றுகொண்டிருந்த நேபாளக் காவலர் பத்துக்கும் மேற்பட்டோர் குண்டுவெடிப்பில் மாண்டனர். தமிழர்க்கு மேலும் நெருங்கிய எடுத்துக்காட்டும் உண்டு. பிரிட்டிஷ் சிறப்புப் படையின் முன்னாள் வீரர்கள் நடத்திய கே.எம்.எஸ். என்னும் நிறுவனம் 1984 முதல் இலங்கையின் சிறப்பு அதிரடிப் படைக்குப் பயிற்சியளித்தது. அதன் செயல்கள் குறித்த போர்க்குற்ற விசாரணையை இலண்டன் காவல் துறை 2020இல்தான் தொடங்கியது. அரசு செய்யத் தயங்குவதை நிறுவனம் செய்யும். நிறுவனம் செய்ததற்கு அரசு பொறுப்பேற்காது. பொறுப்பு காணாமற்போகும் வழி இதுவேயாகும்.

7. 1971க்குப் பின்

கூர்க்காப் பயிற்சி நடுவம் சுங்கைப் பட்டாணியை விட்டகன்ற அதே 1971இல், மலேசியாவில் தனியார் முகவாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. பாதுகாப்பு நிறுவனங்கள் உள்துறை அமைச்சின் உரிமம் பெற வேண்டும் என்னும் நிலை இதனால் உருவாயிற்று. 1967ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம் துணைப் போலீசுக்கு வகை செய்திருந்தது. இவ்விரு சட்டங்களும் பழைய தோட்டக் காவலின் குழப்பத்தை ஓரளவு நீக்கின என்றே கருதுகின்றோம். உலக அளவில் இதற்கு ஒப்பான முயற்சி மிகப் பிந்தியே வந்தது. 17 நாடுகள் ஏற்ற மோந்த்ரே ஆவணம் 2008இல்தான் உருவானது; அதுவும் சட்டக் கட்டாயமற்றது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, அங்கிருந்து வெளியேறியோர் பலருக்குக் கிடைத்த வேலைகளுள் காவல் வேலையும் ஒன்று. தமிழாசிரியர்கள் நாள்தோறும் பள்ளி வாயிலில் காணும் காவலர் இந்நெடிய வரலாற்றின் இன்றைய முகமாவார். அவருக்குக் கட்டளையிடுவது பள்ளி. கூலி கொடுப்பது குத்தகை நிறுவனம். குத்தகைப் பணம் அரசினுடையது. குத்தகை கைமாறும்போது அவரது பணிக்காலம் மீண்டும் முதல் நாளிலிருந்து எண்ணப்படும் நிலையும் உண்டு. அயல்நாட்டவருள் நேபாள முன்னாள் படைவீரரே இத்துறையில் அனுமதிக்கப்பட்டு வந்துள்ளனர். ஆதலால், பாட்டன் பிரிட்டிஷ் வீரனாகப் பயின்ற ஊரில் பேரன் ஒருவன் வணிக வளாகத்தின் காவலனாக நிற்கக்கூடும்.

முடிவுரை

மேற்கண்ட கட்டங்களைத் தொகுத்து நோக்குமிடத்து, காவல் என்பது விற்பனைப் பொருளாகும்போது அதனை வாங்கியவருக்கே முழுமையாகக் கிடைக்கும் என்னும் உறுதிகூட இல்லை என்பது தெளிவாகின்றது. கெடா சுல்தான் ஒரு தீவையே விலையாகக் கொடுத்தும் காவலைப் பெறவில்லை. தோட்டத் தொழிலாளர்க்குக் காவல் கிட்டியபோது அது வேலியின் வடிவில் வந்தது. தாமே காவலமைத்தபோது அது தடுக்கப்பட்டது. கூர்க்கா வீரரோ பிறரைக் காத்துத் தம் உரிமைக்குக் காத்திருந்தார். அரசின் காவல் எக்காலத்தும் நேர்மையானது என்பது இதன் பொருளன்று; பீடோங்கில் துப்பாக்கி ஏந்தியோர் அரசுக் காவலரே. பொறுப்புக் கேட்கும் வழி குடிமக்கள் கையில் இல்லாதபோது அரசுக் காவலும் கூலிக்காவலும் ஒன்றே எனலாம்.

இவ்வரலாற்றின் எழுத்துச் சான்றுகள் பெரும்பாலும் கம்பெனியாராலும் அரசினராலும் தோட்ட உரிமையாளராலும் விடப்பட்டவை. வாயிலில் சோதிக்கப்பட்ட பால்மரத் தொழிலாளி எழுதிவைத்தது மிகக் குறைவு. இரவெல்லாம் விழித்திருந்த ஜாகா எழுதியதும் குறைவு. அவசரகாலத்தைச் சிறுவராகக் கண்டவர்கள் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தமிழாசிரியர்கள் தம் மாணவரின் பாட்டன் பாட்டியரிடம் இவை பற்றிக் கேட்டு எழுதிவைத்தால், பல்கலைக்கழக ஆய்வால் எட்ட இயலாத சான்றுகள் நமக்குக் கிட்டும். தொண்டர் படையின் உள்ளமைப்பு, சிறப்புக் காவலருக்கும் லயத்து மக்களுக்கும் இருந்த உறவு, கூர்க்காக் குடும்பங்களோடு சுங்கைப் பட்டாணித் தமிழர் கொண்ட பழக்கம் ஆகியவை தனித்தனியே விரிவாக ஆராயப்பட வேண்டியவை. அப்பணிக்கு எஞ்சியுள்ள காலம் குறுகியது.